ஈயம் போட்ட எண்ணெய்

பந்தாய் மேட்டில் பாதி ஏறியிருப்போம். காரின் பானட்டுக்குள்ளிருந்து யாரோ தட்ட ஆரம்பித்தார்கள்.

பலமான சத்தம் இல்லை. வெற்றிலை உரலில் பாக்கு இடிக்கிற மாதிரி டக், டக், டக். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இடி வேகமாகும். காலை எடுத்தால் இடி நிற்கும், கூடவே காரும் நிற்கப் பார்க்கும்.

பின் சீட்டில் வீராச்சாமி இருந்தான். அந்தக் காலையில்தான் முதன்முதலாகப் பார்த்த ஆள். சீட்டில் முதுகைச் சாய்க்காமல், விளிம்பில் தொற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் என் சீட்டைப் பிடித்திருந்தான். அவன் மூச்சு என் பிடரியில் சுட்டது.

அவன் பெண்டாட்டி அஞ்சலையும் இரண்டு பிள்ளைகளும் அன்றைக்குக் கப்பலேறப் போகிறார்கள். ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வேலை தேடி டவுனுக்கு வந்தவன் வாரக்கணக்கில் அலைந்திருக்கிறான். ஒருவழியாக ரயில்வே பட்டறையில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவரலாம் என்று விடியற்காலையில் தோட்டத்துக்குப் போனால் லயத்து வரிசை வீடுகளில் அவன் வீடு காலி. போன மனுசன் வரவே மாட்டான் என்று அவள் ஊருக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டாள். கூட்டத்தோடு துறைமுகத்துக்குப் போயாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் கப்பல் புறப்பட்டுவிடும்.

கோலாலம்பூருக்கு, எங்கள் பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடிவந்தான். துறைமுகத்துக்குப் போகிற போர்ட் சுவெட்டன்ஹாம் ரயில் போய்விட்டிருந்தது. அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தால் கப்பலின் புகையைத்தான் பார்க்கலாம். கார் ஸ்டாண்டில் அந்த நேரத்துக்கு நின்ற ஒரே கார் எங்களுடையது. அவனுடைய அதிர்ஷ்டம் அவ்வளவுதான்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மருதப்பன், என் மனைவியின் தம்பி. காரில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு. ஓட்டுவது நான். கழுவுவது, எண்ணெய் போடுவது எல்லாம் அவன்.

"நேத்து செவப்புதான ஊத்துன?" என்று கேட்டேன்.

மருதப்பன் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தான். யாராவது தன்னைப் பாராட்டப் போகிறார்கள் என்று தெரிந்தால்தான் அவன் அப்படிச் சிரிப்பான்.

"செவப்பு தீந்து போச்சுன்னுட்டான் மச்சான். நானே செஞ்சிட்டேன்."

துரை விட்டுப்போன கார்

போன வாரம் நான் சைக்கிளோடு கால்வாயில் விழுந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த நாலு பேர், 'இந்த ஆளுக்குச் சக்கரமே ராசியில்லை' என்று பேசிக்கொண்டதாக என் காதுக்கு வந்தது. அவர்கள் தயவுசெய்து இந்த வாரத்தையும் முழுசாகப் படிக்கவேண்டும்.

அந்தக் கார் ஒரு தோட்டத்துத் துரையுடையது. ரப்பர் விழுந்ததும் அவரும் மூட்டை கட்டினார். வண்டியை எங்கள் தலையில் கட்டினார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு வேகப் பைத்தியம். எஞ்சினின் மூடியைக் கழற்றி, அடிப்பக்கத்தைச் சீவி, மறுபடி பூட்டியிருந்தார்.

இதனால் என்ன ஆகும் என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். காற்றும் எண்ணெயும் கலந்து அடைபடுகிற இடம் சின்னதாகிவிடும். சின்ன இடத்தில் அதிகமாக அமுங்கினால் உதை பலமாக இருக்கும், கார் பறக்கும். ஆனால் சாதா எண்ணெயால் அந்த அமுக்கத்தைத் தாங்க முடியாது. தீப்பொறி விழுந்து தீ ஒழுங்காகப் பரவுவதற்குள், ஓரத்தில் மிச்சமிருப்பது பொறுமையில்லாமல் தானாக வெடிக்கும். அதுதான் அந்தத் தட்டல். மேட்டில் தட்டத் தட்ட ஓட்டினால் ஒருநாள் பிஸ்டன் ஓட்டையாகும்.

"சிவப்பை மட்டும் ஊற்று" என்று துரை சாவியைக் கொடுக்கும்போது இரண்டு தரம் சொன்னார்.

அப்போதுதான் சிவப்பு எண்ணெய் புதிதாக வந்திருந்தது. பெட்ரோல் என்று பத்திரிகையில் எழுதுகிறோம். வாயில் எல்லோருக்கும் எண்ணெய்தான். பிரிக்பீல்ட்ஸ் கடையில் கைப்பிடி பம்பு. அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கடைக்காரர் பிடியை முன்னும் பின்னும் ஆட்ட, கூண்டுக்குள் எண்ணெய் குபுகுபுவென்று ஏறும். சாதாவுக்கு நிறமே இருக்காது. சிவப்பு ஏறும்போது வெயில் பட்டு நன்னாரி சர்பத் மாதிரி மின்னும். வாசனையும் தனி, லேசாக இனிக்கும். வேலையில்லாதவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வேலையில்லாதவர்களுக்கு அப்போது பஞ்சமும் இல்லை.

கிராணியாரின் பெருமை

எங்கள் தெருவில் ஒரு பெரிய கிராணியார் இருந்தார். சர்க்கார் ஆபீசில் எழுத்து வேலை. அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஏறினால் கட்டில் மாதிரி ஆடும். சிவப்பு வந்த நாளிலிருந்து அவர் வேறெதையும் தொடவில்லை. கூடக் கொஞ்சம் காசு கொடுத்தாவது நாலு பேர் பார்க்க அதைத்தான் ஊற்றுவார்.

"என்ன தம்பி, இப்ப வண்டி காத்துமாதிரி போகுது, பாத்தனீரோ?" என்பார்.

நான் பார்த்தது, அவர் வண்டியை ஒரு ரிக்ஷா தாண்டிப் போனதை.

அவர் வண்டியின் எஞ்சின் சாது. அதற்குள் அமுக்கமே கிடையாது. சாதா எண்ணெய் ஊற்றினாலும் தட்டாது, சிவப்பு ஊற்றினாலும் ஓடாது. விலை கூடியது நல்லது என்பது வேட்டிக்குச் சரியாக இருக்கலாம். எஞ்சினுக்கு அதனுடைய வயிற்றுக்கு எது ஒத்துக்கொள்ளுமோ அதுதான் நல்லது. சாதா கேட்கிற வண்டிக்குச் சிவப்பு வீண். சிவப்பு கேட்கிற வண்டிக்குச் சாதா விஷம். இப்போதெல்லாம் இதற்கு நம்பர் போட்டு வைத்திருப்பதாக என் பையன் சொல்கிறான். எங்கள் நம்பர் இந்தத் தட்டல்தான்.

இவ்வளவு தெரிந்தவன் எப்படி மாட்டிக்கொண்டான் என்றால், நான் இங்கிலீஷ் படித்தவன். அதனால்தான் மாட்டினேன்.

சிவப்புப் பம்பின் மேல் ஒரு எச்சரிக்கை ஒட்டியிருந்தது. இதில் 'லெட்' கலந்திருக்கிறது, கை கழுவ, அடுப்புக்கு உபயோகிக்கக் கூடாது என்று. மருதப்பன் அதைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தேன். இதில் ஈயம் கலந்திருக்கிறது, அதனால்தான் எஞ்சின் தட்டுவதில்லை.

மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. எந்த வாத்தியாரும் மார்க் போடுவார். ஆனால் தமிழில் ஈயம் இரண்டு. துப்பாக்கிக் குண்டுக்குப் போவது காரீயம், 'லெட்' என்பது அதுதான். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். கோலாலம்பூரில் நின்றுகொண்டு ஈயம் என்று சொன்னால் ஒரு பிள்ளைக்கும் காரீயம் ஞாபகம் வராது. ஊரைச் சுற்றி ஈயம் தோண்டிய பள்ளம். ஈயம் விற்ற காசில் எழுந்த பங்களா. ரசம் கொதிப்பதும் ஈயச் சொம்பில்.

மருதப்பன் மெதுவாகத் தலையாட்டினான். அவன் தலையாட்டுவதை எழுத்தில் காட்ட முடியாது. ஒரு பெரிய விஷயம் பிடிபட்டுவிட்டவனின் தலையாட்டல்.

துருவி

மேட்டுக்குத் திரும்புகிறேன்.

"என்னடா செஞ்ச?"

சாதா எண்ணெய் வாங்கியிருக்கிறான். பாசார் பக்கத்தில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் ஒரு பாளம் ஈயம் வாங்கியிருக்கிறான். அதை எங்கள் வீட்டுத் தேங்காய்த் துருவியில் துருவி, தொட்டிக்குள் போட்டு, வண்டியை நாலு குலுக்குக் குலுக்கியிருக்கிறான். நிறத்துக்குக் குங்குமம் போடலாமா என்று யோசித்தானாம். எஞ்சினுக்குள் குங்குமம் எரிந்தால் வீட்டுக்கு ஆகாது என்று விட்டுவிட்டானாம்.

"பாத்திரத்துல ஈயம் பூசுனா களிம்பு ஏறாதுல்ல மச்சான். எஞ்சினும் உள்ளுக்குள்ள பித்தள மாதிரிதான?"

எனக்குச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. பிடரியில் அந்த மூச்சு. சிரிப்பு வரவில்லை.

ஸ்டியரிங் நடுவில் ஒரு சின்ன லீவர் உண்டு. அதைப் பின்னால் தள்ளினால் தீப்பொறி தாமதமாக விழும். தட்டல் அடங்கும். வண்டியின் வலுவும் கூடவே அடங்கும். தள்ளினேன். தட்டல் நின்றது. கார் நொண்டி நொண்டி மேட்டைத் தாண்டியது. ரேடியேட்டரிலிருந்து புளித்த நீராவி வந்தது.

 பெட்டாலிங் தாண்டும்போது வீராச்சாமி ஒருமுறை வாயைத் திறந்தான். கப்பல் புறப்படுமுன் எத்தனை தரம் ஊதும் என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. மருதப்பன் மூன்று என்றான். அவனுக்கும் தெரியாது.

பத்து தீகா என்கிற ஊருக்கு முன்னால் ஒரு சமதரையில், காரணமே இல்லாமல் கார் நின்றது. தட்டல் இல்லை, இருமல் இல்லை. மூச்சே இல்லை. இரண்டு பக்கமும் ரப்பர் பால்மரக் காடு. பால் வெட்டாமல் விட்ட மரங்கள். இலை அசையவில்லை. எஞ்சின் சூடு டிக் டிக் என்று ஆறும் சத்தம் மட்டும்.

எண்ணெய்க் குழாயைக் கழற்றினேன். சொட்டு வரவில்லை. ஈயத் துருவல் அதன் வாயை அடைத்திருந்தது. குழாயை உதட்டில் வைத்து ஊதினேன். ஊதினேன், துப்பினேன், மறுபடி ஊதினேன். கண்ணில் தண்ணீர், நாக்கில் தீ. நான் துப்பிய இடத்தில் வெள்ளியாக என்னவோ மின்னியது. மருதப்பன் என் முகத்தைப் பார்த்து விலகி நின்றுகொண்டான்.

கடைசியில் குழாய் திறந்தது. எண்ணெய் என் சட்டை முழுக்க வழிந்தது. அந்த நேரத்தில் யாராவது பக்கத்தில் சுருட்டுப் பற்றவைத்திருந்தால் இந்தத் தொடர் உங்களுக்குக் கிடைத்திருக்காது.

மேட்டில் இறங்கியவன்

பத்து தீகா தாண்டி ஒரு மேடு. இன்றைக்குப் போகிறவர்கள் அதை மேடு என்றே சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு எனக்கு அது மலை.

லீவரைப் பின்னால் வைத்து ஏறினேன். முதல் கியர். கார் முனகியது. வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பாதி மேட்டில் நின்று, பின்னால் நகரப் பார்த்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டேன்.

இனி இரண்டே வழி. எஞ்சின் ஆறும்வரை நிற்பது. ஆறியதும் கிள்ளான்வரை நொண்டிப் போய், அங்கே சிவப்பு ஊற்றிக்கொண்டு கிளம்புவது. கார் பிழைக்கும். கப்பல் போய்விடும். இல்லையென்றால் லீவரை முன்னால் தள்ளி, தட்டத் தட்ட அழுத்துவது. மேடு ஏறலாம். கார் பிழைக்குமா என்று சொல்ல முடியாது. அந்தக் கார்தான் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சோறு. அந்த வருஷத்தில் இன்னொன்று வாங்க எங்களால் கனவிலும் முடியாது.

நான் யோசிப்பதை வீராச்சாமி கவனித்திருக்க வேண்டும். கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"பரவால்லண்ணே. நான் ஓடுறேன்."

இறங்கி ஓட ஆரம்பித்தான். காலில் செருப்பில்லை. சடக்கில் தார் உருகிக் கிடந்தது. ஓரத்துச் செம்மண்ணில் கால் வைத்து ஓடினான். கிள்ளானே இன்னும் எவ்வளவோ தூரம், அதற்கப்பால் துறைமுகம். அவனுக்கு அது தெரியும். தெரிந்துதான் ஓடினான். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்கவில்லை. ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

நானும் மருதப்பனும் கண்ணாடி வழியாக அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மச்சான்" என்றான் மருதப்பன். கண்ணால் லீவரைக் காட்டினான். அவனும் பாதிப் பங்காளி.

நான் லீவரை முன்னால் தள்ளினேன்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? பாக்கு இடிப்பதெல்லாம் போய், தகரக் கொட்டகையின் மேல் கல் மழை பெய்வது போல் இருந்தது. ஸ்டியரிங் கைக்குள் நடுங்கியது. பல் நடுங்கியது. கார் ஏறியது. வீராச்சாமியை மேட்டின் உச்சியில் பிடித்தோம். நிற்கவில்லை, மருதப்பன் கதவைத் திறந்து, அவன் கையைப் பிடித்து இழுத்துப் போட்டுக்கொண்டான்.

இறக்கத்தில் ஒரு 'டப்'. பின்னால் நீலப் புகை. நாலு உதையில் ஒரு உதை காணாமல் போனது. எஞ்சின் ஆயில் கருகிய நாற்றம் உள்ளே வந்தது.

கிள்ளானில் பாலத்துக்குப் பக்கத்து எண்ணெய்க் கடையில், கண்ணாடிக் கூண்டு நிறையச் சிவப்பு நின்றது. மருதப்பன் அதைக் கைகாட்டினான். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. செத்தவன் வாயில் பால் ஊற்றி என்ன ஆகப் போகிறது. அங்கிருந்து துறைமுகம்வரை சமதரை. மிச்சமிருந்த மூன்று உதையில் கார் எங்களை இழுத்துக்கொண்டு போனது.

அலையாத்திக் காட்டுச் சேற்றின் வாடை வந்தபோது கப்பல் ஊதியது. ஒரு தரம்.

கொட்டகை

துறைமுக வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் கார் நின்றுவிட்டது. பிறகு அது தன் காலில் எங்கேயும் போகவில்லை. மூன்று பேரும் ஓடினோம்.

வாசலில் நின்றவரிடம் என் இங்கிலீஷ் முழுவதையும் கொட்டினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. என் மேலிருந்து வந்த பெட்ரோல் நாற்றம் தாங்காமல் வழிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நீளமான கொட்டகை. வரிசை வரிசையாக ஆட்கள். மூட்டை, தகரப் பெட்டி, ஈரத் துணி வாடை, பிள்ளைகளின் அழுகை. வரிசையின் முன்பக்கம் கப்பல் படிக்கட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

வீராச்சாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனான். 

அவள்தான் முதலில் பார்த்தாள். இடுப்பில் சின்னது. பெரிய பெண் இரண்டு கையாலும் ஒரு தகரப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தாள். அஞ்சலை ஓடிவரவில்லை, அழவும் இல்லை.

"வந்துட்டீங்களா" என்றாள்.

வேலை கிடைத்துவிட்டது என்றான் வீராச்சாமி. ரயில்வே பட்டறை என்றான். வெளியே வா என்றான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னதால் மூச்சு முட்டி நின்றான்.

"எத்தன மாசத்துக்கு?" என்று கேட்டாள் அஞ்சலை.

 அது அவனுக்குத் தெரியாது. நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அதுதான் தெரியும்.

பெயர் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தவர் எங்களைக் கவனித்துவிட்டார். நம் ஆள்தான். கெட்டவர் இல்லை, களைத்தவர்.

"இந்தாம்மா, லைன விட்டு போனா பேர அடிச்சிருவேன். அப்புறம் சும்மா டிக்கெட்டு கெடைக்காது. அவரு பேச்ச கேட்டு நாளைக்கு வந்து அழாத. யோசிச்சு சொல்லு, சீக்கிரம்."

வரிசை ஒரு அடி நகர்ந்தது. அஞ்சலையும் ஒரு அடி நகர்ந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க யாரு?"

"கார்காரன்மா."

"டவுன்ல இருக்கீங்க, நாலும் தெரியும். அந்த வேல நெலைக்குமா? இவரு சொல்லுவாரு. நீங்க சொல்லுங்க."

எந்த இடத்திலும் எனக்கு ஒரு வார்த்தை தயாராக இருக்கும். சாவு வீட்டில்கூட என் வாயை என் மனைவி முறைத்துத்தான் மூட வேண்டும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மருதப்பன் பக்கத்தில் வாயைத் திறந்தான். நிலைக்கும் என்று சொல்லப் போகிறான். அவன் கையைப் பிடித்து அழுத்தினேன்.

பட்டறையில் சேர்த்தவர்களை மறு மாதமே நிறுத்திய கதைகள் எனக்குத் தெரியும். நிறுத்தாத கதைகளும் தெரியும்.

"தெரியாதும்மா" என்றேன். "எனக்கே நாளைக்கு வேல கெடையாது, கார் வெளிய செத்து கெடக்கு. வழியில மேட்டுல வண்டி நின்னு போச்சு. இவரு எறங்கி ஓட ஆரம்பிச்சாரு. நான் கண்ணால பாத்தது அது ஒண்ணுதான்."

அஞ்சலை அவன் காலைப் பார்த்தாள். முழங்கால்வரை செம்மண். பாதத்தில் தார் ஒட்டி, அதில் சின்னச் சின்னக் கற்கள். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள்.

கப்பல் மறுபடி ஊதியது. இடுப்பிலிருந்த பிள்ளை காதைப் பொத்திக்கொண்டது.

"பெட்டிய வாங்குங்க" என்றாள் அவனிடம். "புள்ளைக்கு கை வலிக்கும்."

அவன் வாங்கினான். அவள் பெரியவளின் தோளைப் பிடித்து, வரிசையிலிருந்து பக்கவாட்டில் விலகி நின்றாள். பின்னாலிருந்தவர்கள் மூட்டைகளோடு ஒரு அடி முன்னால் வந்தார்கள். வரிசையில் அவள் நின்றிருந்த இடம் எது என்று அப்புறம் தெரியவில்லை.